மெஸ்கிளின்: ஒரு கற்பனைக் கோளின் முதல், கரு, உரி

அறிவியற் புனைகதையில் வரும் கோள் அறிவியலுக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். கதைக்கு உணர்வே உயிர், கணக்கு வேண்டா என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் தனித்து நில்லா என்பதே யாம் ஈண்டு நிறுவக் கருதுவது. ஹால் கிளெமெண்ட் என்னும் புனைபெயர் பூண்ட அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஹாரி கிளெமெண்ட் ஸ்டப்சு 1953இல் தொடராக வெளியிட்ட 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' என்னும் புதினத்தை இதற்குச் சான்றாகக் கொள்வாம்.

தொல்காப்பியர் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். அவற்றில் தோன்றுவன கருப்பொருள். மக்கள்தம் ஒழுக்கம் உரிப்பொருள். இப்பாகுபாடு அகப்பாட்டுக்கென அமைந்தது. வேற்றுக்கோள் கதைக்கு இலக்கணமாக வகுக்கப்பட்டதன்று. எனினும், நிலத்தினின்று உயிர்க்கும் உயிரினின்று உணர்வுக்கும் ஒரு படைப்புச் செல்லும் நெறியை அளந்தறிய இதனினும் ஏற்ற கோல் அரிது.

கிளெமெண்டின் கோளாகிய மெஸ்கிளின் வியாழனைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு நிறையுடையது; ஏறத்தாழ 18 நிமிடத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவது. அவ்விரைவால் நடுக்கோடு புடைத்துத் துருவங்கள் தட்டையாயின. நடுக்கோட்டில் எடை புவியினும் 3 மடங்கு. துருவத்திலோ ஏறத்தாழ 700 மடங்கு. கடல் மீத்தேனால் ஆயது. இஃது முதற்பொருள். இதனின்று தோன்றும் கருப்பொருள், பூரான்போல் நிலத்தோடு படிந்து ஊரும் சிற்றுயிர்களும், அவை செலுத்தும் தெப்பங்கள் பிணைத்த 'பிரீ' என்னும் கலமுமாம். அவ்வுயிர்களின் உள்ளத்தை ஆளும் உரிப்பொருளோ வீழ்ச்சியச்சம். மாந்தர் ஒருவர் கலத்தலைவன் பார்லென்னனைத் தம் ஊர்தியின் மேல் ஏற்றிய அளவில் அவன் நடுங்கி உறைகின்றான். அச்சத்தை ஆசிரியர் சொல்லால் புகுத்தவில்லை, ஈர்ப்பே புகுத்துகின்றது.

இனி, கணக்குப் பிழைத்தால் உணர்வும் பிழைக்குமோ எனின், அதனையும் ஆராய்தல் வேண்டும். கதைக்கு அடிப்படையானது, அன்ன விண்மீன் கூட்டத்தின் 61ஆம் எண்ணுடைய இரட்டை விண்மீனுக்குப் புலப்படாத் துணை ஒன்று உண்டென 1943இல் ஸ்ட்ராண்ட் வெளியிட்ட முடிபு. பிற்கால நோக்கங்கள் அதனை உறுதி செய்யவில்லை. துருவ ஈர்ப்பும் 300 மடங்குக்குக் குறைவே எனப் பின்னர் வந்த கணிப்புகள் காட்டின. எனினும் கதை வீழ்ந்ததில்லை. காரணம் வெளிப்படை. 700 மடங்கு ஈர்ப்பில் 15 சென்டிமீட்டர் வீழ்தல், காற்றின் தடையை நீக்கிக் கணித்தால், புவியில் 105 மீட்டர் வீழ்வதற்கு ஒக்கும். 250 மடங்கெனக் கொள்ளினும் 37.5 மீட்டருக்கு ஒக்கும். இரண்டும் சாவே. எண் திருந்தினும் அச்சத்தின் காரணம் திரிந்திலது. ஆகவே, புனைகோளில் யாம் வேண்டுவது ஒவ்வோர் எண்ணின் செம்மையன்று. முதலினின்று உரிவரை காரணத் தொடர் அறாமையே. எண்ணே இல்லையாயின் அத்தொடர் தொடங்குமாறு இல்லை என்பதும் உடன் உணரத்தக்கது.

இந்நூலின் குறையும் அவ்வளவையாலேயே புலனாம். பார்லென்னனின் பேரம் பேசும் திறனும் சொல்லாடலும் புவியின் வணிகக் கலத்தலைவனுக்கே உரியன. 700 மடங்கு ஈர்ப்பு அவன் அச்சத்தைத் தீட்டியது, அவன் மொழியைத் தீண்டவில்லை. காரணத் தொடர் இவண் அறுகின்றது.

ஆயினும் முடிவில் ஆசிரியர் அதனை மீட்கின்றார். மாந்தர் இழந்த ஆய்வுக் கருவியை மீட்டுக் கொடுப்பதற்கு விலையாகப் பார்லென்னன் பொருள் கேட்டிலன்; அறிவியலைக் கற்பிக்குமாறு கேட்டான். வீழ்ச்சியை அஞ்சிய அவ்வுயிர்கள் இறுதியில் வெப்பக் காற்றுக் கூண்டில் கலத்தோடு மேலெழுகின்றன. கணக்கில் தோன்றிய அச்சம் கணக்கறிவாலேயே வெல்லப்படுகின்றது. அறிவியல் ஒப்புமை கதைக்குப் புறத்தே பூட்டிய அணியன்று, அதன் பொருளே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.