கீபோர்டு மாஸ்டரிடம் எதைக் கேட்க வேண்டும்

ஏரலில் ஒரு குடும்பம் பிள்ளைக்குப் பியானோ சொல்லிக்கொடுக்க ஆள் தேடினால், அந்தத் தேடல் பெரும்பாலும் ஒரு தேவாலயத்தின் வாசலில்தான் போய் நிற்கும். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று ஏரலைச் சுற்றிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் ஊர்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பாடகர் குழு உண்டு, அந்தக் குழுவோடு கீபோர்டு வாசிக்க ஒருவர் உண்டு. வார நாட்களில் சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். அரசு இசைப்பள்ளி வழியில் இதற்கு மாற்று இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் உண்டு; கீபோர்டு கிடையாது. எனவே இந்த ஊரில் பியானோ என்றால் கீபோர்டு, பியானோ ஆசிரியர் என்றால் கீபோர்டு மாஸ்டர். முறையான படிப்பு இல்லாதவரிடம் பிள்ளையை விடுவதா என்று இந்த வழக்கத்தை ஒதுக்குவோர் உண்டு. கைக்கு எட்டிய தூரத்தில் கிடைப்பதே போதும் என்று நிறைவடைவோரும் உண்டு. இரண்டு பேரும் இந்த வழக்கத்தை உற்றுப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. இதன் அடித்தளம் உறுதியானது. ஆனால் கட்டடம் பாதியில் நிற்கிறது. அப்படி நிற்பதற்கு ஆசிரியரைவிட, அவரிடம் மேற்கொண்டு எதையும் கேட்காத நாமே அதிகப் பொறுப்பு.

முதலில் அடித்தளம். தென்னிந்தியத் திருச்சபை ஆராதனை ஒன்றில் கீபோர்டு வாசிப்பவர் என்ன செய்கிறார் என்று கவனித்துப் பார்க்க வேண்டும். பாமாலைப் பாட்டு வந்தால் அது ஐரோப்பிய மெட்டு. நான்கு குரல்களுக்கு எழுதப்பட்ட இசை. ஒவ்வொரு அடியிலும் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்கள், மாறும். அடுத்து வரும் கீர்த்தனைக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும்; அங்கே சங்கராபரணமும் ஆதி தாளமும் பேசும். ஒரே ஆராதனைக்குள் இரண்டு இசை மரபுகளுக்கு இடையே அவர் கை போய்வருகிறது. பாட்டைத் தொடங்குபவர் எந்தக் கட்டையில் தொடங்குவார் என்பது முன்கூட்டித் தெரியாது. அவர் எடுத்த சுருதியைக் காதால் பிடித்து, முதல் அடி முடிவதற்குள் சேர்ந்துகொள்ள வேண்டும். சபை இழுத்துப் பாடினால் இழுக்க வேண்டும். ஒரு சரணத்தை விட்டுவிட்டால் கூடவே தாண்ட வேண்டும். பெரிய நகரத்தில் மேற்கத்திய இசைத் தேர்வில் எட்டு கிரேடு முடித்த மாணவர் பலர் இந்த இடத்தில் தடுமாறிப் போவார்கள், ஏனென்றால் அவர்கள் பாடம் செய்த தாளில் இருப்பதை மட்டுமே வாசித்துப் பழகியவர்கள். காது, உடனிசைக்கும் பண்பு, பலர் முன்னால் வாரந்தோறும் வாசிக்கும் துணிவு ஆகிய மூன்றையும் இந்த ஆசிரியர் தனியாகப் பணம் வாங்காமலேயே தன் மாணவருக்குக் கடத்திவிடுகிறார். கொஞ்சம் தேறிய பிள்ளையைப் பண்டிகை நாளில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பாட்டு வாசிக்கச் சொல்கிறாரே, அதற்கு ஈடான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

குறை எங்கே என்றால், கையிலும் கண்ணிலும். சி மேஜர் ஸ்கேலை ஒரு பிள்ளை வலக்கையால் வாசிப்பதைப் பாருங்கள். ச, ரி, க மூன்றையும் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரலால் அழுத்திவிட்டு, கட்டை விரலை நடுவிரலுக்கு அடியில் நுழைத்து ம-வைத் தொட வேண்டும். அப்போதுதான் மேல் ச வரை கை தடையில்லாமல் ஓடும். காதால் மட்டும் கற்ற பிள்ளை இதைச் செய்வதில்லை. அகப்பட்ட விரலால் அகப்பட்ட கட்டையை அழுத்துகிறது, பெரும்பாலும் இரண்டே விரல்களால். மெதுவான பாட்டில் இது வெளியே தெரியாது. வேகம் கூடும்போது கை முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் பழக்கம் இறுகிப்போயிருக்கும். அடுத்தது டிரான்ஸ்போஸ் பட்டன். எந்தப் பாட்டையும் ஒரு கட்டையில், வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிட்டு, பாடுபவரின் சுருதிக்குப் பட்டனால் ஏற்றி இறக்கிக்கொள்வது எங்கும் பரவிவிட்ட வழக்கம். ஆராதனை அவசரத்தில் அது உதவிதான். பாடம் நடக்கும் அறையில் அதே பட்டன் பிள்ளையின் அறிவைச் சுருக்கிவிடுகிறது. கறுப்புக் கட்டைகள் எதற்காக இருக்கின்றன என்று தெரியாமலே நான்கு வருடம் கற்ற பிள்ளைகள் உருவாகிறார்கள். தாளத்தையும் பின்னணியையும் பெட்டியே வாசித்துத் தரும் ‘ஸ்டைல்’ வசதி, இடக்கைக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நோட்டேஷன் படிக்கத் தெரியாத மாணவர் ஆசிரியரைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. ஆசிரியருக்குத் தெரிந்த பாட்டோடு மாணவரின் உலகமும் முடிந்துவிடும்.

இதைக் கண்ட பெற்றோர் நேர் எதிர்த் திசையில் ஓடுகிறார்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வு, அல்லது 1889இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம் அமைப்பின் தேர்வு. இரண்டும் மதிப்புள்ளவை, அதில் ஐயமில்லை. டிரினிட்டி தேர்வில் பாட்டுகளோடு ஸ்கேல் முதலிய கைப்பயிற்சியும் உண்டு. தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, கேட்டு விடை சொல்வது போன்ற சோதனைகளும் உண்டு. பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறார்கள். நம் கீபோர்டு மாஸ்டர்கள் விட்டுவிடும் பகுதி அத்தனையும் அங்கே வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் தேர்வு வேறு, கல்வி வேறு. ஆண்டுக்கு மூன்று பாட்டை மட்டும் தேர்வுக்காக உருப்போட்டு, சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியபின், வீட்டுக்கு வந்தவர் ஒரு பாட்டுப் பாடினால் கூட வாசிக்க முடியாமல் நிற்கும் பிள்ளையும் நம்மிடையே உண்டு. தேர்வு வகுப்புக்காக வெளியூர் போவதென்றால், ஏரலுக்கு ரயில் கிடையாது. வாரம் ஒருமுறை தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ பஸ் ஏறிப் போய் வந்தால் ஒரு நாளின் பாதி வழியிலேயே கழிகிறது. வீட்டில் செய்யும் பயிற்சிதான் முதலில் குறைகிறது. 2020இல் வாசிப்பைப் பதிவுசெய்து அனுப்பி எழுதும் தேர்வுகளை இவ்விரு நிறுவனங்களுமே கொண்டுவந்துவிட்டதால், தேர்வுக்காக ஊரைவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. ஆன்லைன் வகுப்பும் அப்படியே. நோட்டேஷனுக்கும் தியரிக்கும் அது நன்றாகவே உதவும். ஆனால் செல்போன் கேமராவுக்கு மணிக்கட்டின் இறுக்கம் தெரியாது. இருவரும் சேர்ந்து வாசிக்க, இணையத்தில் ஒலி தாமதமாக வருவது விடாது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

காது முதலில், ஏடு பிறகு என்ற வரிசை இயல்பானது என்பதற்கு நம் இசை வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. பண்ணைப்புரத்து இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் கேள்வி ஞானத்தால் ஆர்மோனியம் வாசித்தவர். சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். டிரினிட்டியின் கிட்டார் தேர்வும் எழுதினார். மேடை மேடையாகப் பழுத்த காது இல்லாமல் அந்த எழுத்து உயிர் பெற்றிருக்காது. எழுத்து வராமல் அத்தனை வயலின்களுக்கும் தனித்தனியே தாள் கொடுத்து ஓர் இசைக்கோவையை உருவாக்கியிருக்கவும் முடியாது. மேதையின் கதை ஊர்ப்பிள்ளைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். மேதைமை பொருந்தாது, வரிசை பொருந்தும். பேசக் கற்றபின் எழுதக் கற்பது எல்லாப் பிள்ளைக்கும் பொதுவானதுதானே. எழுத்தின் அருமையை இதே தூத்துக்குடி மாவட்டம் ஒருமுறை ஆழமாக உணர்ந்திருக்கிறது. கர்நாடக இசையை ஐரோப்பிய நோட்டேஷனில் பதிக்க முயன்ற கத்தோலிக்கரான சின்னசாமி முதலியார், எட்டயபுரம் அரண்மனை வித்துவான் சுப்பராம தீட்சிதரை விடாமல் வற்புறுத்தினார். பெரும்பாலும் வாய்வழியாகக் காக்கப்பட்ட முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியாக 1904இல் அச்சேறின. அவர்கள் எழுதி வைத்திராவிட்டால் எத்தனை உருப்படிகள் போன தடம் தெரியாமல் போயிருக்கும்!

நம் இசைக்கு இந்தக் கருவியே பொருந்தாது என்ற மறுப்பும் எழும். அதில் உண்மை உண்டு. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே வழுக்கிப் போக வழியில்லாத கருவியில் தோடியின் கமகத்தை முழுமையாகக் கொண்டுவர முடியாது. கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைக் கொண்டு சத்யநாராயணன் போன்ற கலைஞர்கள் செய்துகாட்டுவது அரிய சாதனை, பொது வழி அன்று. கமகம் வராது என்ற காரணத்தையும் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அத்தனை ஆண்டுகளிலும் நாடக மேடையோ, பஜனை மடமோ, தேவாலயமோ ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை. வயலினும் வெளியிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்று, பின்னாளில் எட்டயபுரம் அரண்மனை வித்துவானாக விளங்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி ஏது? ஆகவே கருவி அந்நியமா என்று வாதாடுவதைவிட, அதைக் கொண்டு எதைக் கற்கலாம், எதைக் கற்க முடியாது என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை. கீர்த்தனையைக் கீபோர்டில் வாசிக்கும் பிள்ளை அதை வாயால் பாடியும் கற்கட்டும். கருவி தர முடியாததைக் குரல் தரும்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கப் போகும் குடும்பம் அவரது வாசிப்பை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யக்கூடாது. நன்றாக வாசிப்பவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்ற எண்ணம்தான் இந்த வழக்கத்தின் ஆணிவேர்ப் பிழை. அவரிடம் இரண்டு வருடம் கற்ற மாணவரின் வாசிப்பைக் கேளுங்கள். தெரிந்த பாட்டை டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாமல் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்லித்தராத எளிய பாடம் ஒன்றைத் தாளில் கொடுத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றுகூட வராவிட்டால் ஆசிரியரை ஒதுக்க வேண்டும் என்பதில்லை. நோட்டேஷனும் விரல் பயிற்சியும் சேர்த்துச் சொல்லித்தர முடியுமா, அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. டியூஷனுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் வீடுகள் பாட்டு வகுப்புக்கு வரும்போது பேரம் பேசுகின்றன. சபையின் சிறு காணிக்கையையும் இந்தச் சொற்பக் கட்டணத்தையும் நம்பி இருக்கும் ஓர் இளைஞர் தன் செலவில் கிரேடு படித்து முன்னேறுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய்விடுவார். ஊர் மறுபடி முதலிலிருந்து தேடும். நாலு வீடுகள் சேர்ந்து அவரது தேர்வுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டால், பலன் அந்த நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வந்து சேரும்.

இந்து, முஸ்லிம் குடும்பங்கள் சில, பாடமெல்லாம் சர்ச் பாட்டாக இருக்குமோ என்று தயங்குவதும் உண்மை. அந்தத் தயக்கத்தை மதித்து, சினிமாப் பாட்டும் நாட்டுப்பாட்டும் எளிய மேற்கத்தியப் பாடங்களும் கலந்து சொல்லித்தரும் ஆசிரியருக்கு ஊர் முழுவதுமே மாணவர்கள் கிடைப்பார்கள். வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உடனிருக்க அவர் தயங்காமல் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதவரிடம் எவ்வளவு திறமை இருந்தாலும் பிள்ளையை விடக்கூடாது. கருவியைப் பொறுத்தவரை, சுமார் 230 கம்பிகள் கொண்ட மரப் பியானோவை இந்தக் கடற்காற்றில் ஆண்டுதோறும் சுருதி சேர்க்க ஆள் கிடைப்பது அரிது. 61 கட்டைகளும், அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் வசதியும் கொண்ட கீபோர்டு தொடக்கத்துக்குப் போதும். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஏரல்காரர்களுக்கு, இருவர் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகக்கூடிய கருவியின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்கள் விஷயத்தில் இந்த ஊர் முறை இன்னும் பொருத்தமானது. நாற்பது வயதில் தொடங்கும் ஒருவருக்கு விரல் மெதுவாகத்தான் பழகும். ஆனால் வருடக்கணக்காகப் பாடகர் குழுவிலோ பஜனையிலோ பாடிய பாட்டுகள் அவரிடம் நூற்றுக்கணக்கில் இருக்கும். குழந்தைப் பாடப் புத்தகத்தை அவர் முன் வைத்தால் சில வாரங்களில் நின்றுவிடுவார். அவரே பாடிக்கொண்டு, மூன்றே கார்டுகளை இடக்கையால் மாற்றப் பழகினால் தெரிந்த பாட்டில் பாதியை அவரால் வாசிக்க முடியும். கார்டு ஏன் அந்த இடத்தில் மாறுகிறது என்ற கேள்வி அப்போது அவருக்குள்ளிருந்தே எழும். நோட்டேஷனை அந்தக் கட்டத்தில் தொடங்கலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்ததும் கீபோர்டுக்கு உறைபோட்டு மூடிவைத்த பிள்ளைகள் இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஞாயிறு மதியம் ஒரு வகுப்பு வைத்துப் பார்க்கலாம்.