இடது வளைவில் இறங்குகிறவர்

அந்த நாற்பது விநாடி வீடியோ மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயிலிருந்து தெங்னௌபாலுக்கு ஏறும் மலைச்சாலை. வெளுத்த நீலச் சட்டை போட்ட, ஐம்பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். இளைஞர்கள் மூன்று பேர் எழுந்து நின்று மிதித்தபடி அவரைக் கடக்கிறார்கள். ‘பணம் கொடுத்தது ஓட்டுவதற்கா, தள்ளுவதற்கா?’ என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்ல வருகிறவர்கள் கண்ணீரோடு வருகிறார்கள்: ‘அம்மா நடந்த பாதை ஐயா அது. அதனால்தான் இறங்கி நடக்கிறார்.’

இரண்டு பேருமே தப்பாகத்தான் பார்த்திருக்கிறார்கள். முதலாமவர் அதில் பலவீனத்தைப் பார்க்கிறார், இரண்டாமவர் அஞ்சலியைப் பார்க்கிறார். நான் பார்த்தது சுத்தமான ஆட்ட அறிவு. நீண்டதூர சைக்கிள் பயணத்தில் இதைவிடத் துல்லியமான முடிவுகளை நேரில் கண்டதில்லை.

அந்த வீடியோ 2019 பிப்ரவரியில் நடந்த ஒரு சைக்கிள் பயணத்தில் எடுத்தது; இந்தப் பத்தியின் வாசகர்கள் அதை நாள் தவறாமல் தொடர்ந்தவர்கள். பர்மாவின் மாண்டலேயிலிருந்து நாகாலாந்தின் திமாப்பூர் வரை ஏறத்தாழ 800 கி.மீ., அகதிப் பிள்ளைகளின் படிப்புக்காக, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிய நன்கொடை. எத்தனை நாள் ஆனது, எவ்வளவு சேர்ந்தது, யார் முன்னால் வந்தார்கள் என்பதையெல்லாம் திரும்ப எழுதப்போவதில்லை. எனக்கு ஒரே கேள்விதான்: முப்பது வருடம் பேருந்து ஓட்டிய அவர் எந்த இடத்தில் இறங்கினார்?

மோரேயிலிருந்து கடைசிவரை பின்னால் வந்த ஜீப்பில் நான் இருந்தேன். தெங்னௌபால் ஏற்றத்தில் அவர் பதினான்கு முறை இறங்கினார். முதல் மூன்று முறை நானும் ‘முடியவில்லை போல’ என்றுதான் நினைத்தேன். நாலாவது முறை சந்தேகம் வந்தது. பேசிக்கொண்டே இறங்கினார். மூச்சு வாங்கவில்லை, சட்டை முதுகில் ஒட்டவில்லை. பக்கத்தில் வந்த பையனிடம் கொல்லிமலைச் சாலையில் ஒரு மழைநாள் பேருந்து ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், வாக்கியத்தை முடிக்காமலே வலது காலைத் தூக்கிப் போட்டு இறங்கி, இடது கையை ஹேண்டில்பாரிலும் வலது கையை சீட்டிலும் வைத்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதுதான் பயிற்சியாளர்கள் மூச்சுக்கு வைக்கும் எளிய சோதனை. அந்தச் சோதனையில் தேறிய நிலையில்தான் ஒவ்வொரு முறையும் இறங்கினார்.

ஐந்தாவது முறை பிடிபட்டது. பதினான்கில் பன்னிரண்டு இடது வளைவுகள்.

மலைச்சாலையில் பேருந்து ஓட்டியவர்களுக்கு இது கைப்பழக்கம். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் போகிறோம். கொண்டைஊசி வளைவு இடப்பக்கம் திரும்பினால் நாம் வளைவின் உள்விளிம்பில் இருக்கிறோம். அங்கே தூரம் குறைவு, ஆனால் அதே உயரத்தை ஏறியாக வேண்டும், ஆகவே சரிவு செங்குத்து. வலப்பக்கம் திரும்பினால் வெளிவிளிம்பு. தூரம் கூடும், சரிவு தணியும். அவர் வலது வளைவுகளை ஓட்டியே கடந்தார். இடது வளைவு வருவதற்கு இருபது முப்பது மீட்டர் முன்பே இறங்கி, வளைவு முழுக்கத் தள்ளி, சாலை சற்றுச் சமமாகும் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். பர்மாவில் எப்படி என்று இரவு கேட்டேன். “அங்க வலது கைப்பக்கம்ல வண்டி போகுது. அதனால வலது வளைவுல இறங்கினேன்” என்றார். தமுவிலிருந்து எல்லைப் பாலத்தைத் தாண்டி மோரேக்குள் வந்ததும் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார். இதையா களைப்பு என்பது?

கியர் இல்லாத வண்டி என்றால் வேறு பேச்சு. நம் ஊர் சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் நகரும். மலையில் அதை மிதிப்பது முழங்காலுக்குத் தண்டனை. அவர் வண்டியில் முன்னால் 28, பின்னால் 34 வரை இருந்தது. ஒரு மிதிக்கு ஒன்றே முக்கால் மீட்டர். மணிக்கு ஆறு கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு மிதி, கிட்டத்தட்ட எந்த ஏற்றத்தையும் உருட்டி ஏறலாம். ஏற முடிந்த வண்டியில் இருந்துதான் இறங்கினார்.

இழந்தது எவ்வளவு? செங்குத்தான இடத்தில் அவர் மிதித்தால் மணிக்கு ஆறு, தள்ளினால் நான்கு. இருநூறு மீட்டருக்கு ஒரு நிமிடம் நஷ்டம். பதினான்கு முறைக்குப் பதினான்கு நிமிடம். கிடைத்தது என்ன? செங்குத்தில் மிதிக்கும்போது உடல் தசையில் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரையை வாரி இறைக்கிறது. அது கடுமையான உழைப்பில் இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. ஒருநாள் ஓட்டமென்றால் இறைக்கலாம், ராத்திரி சாப்பிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். நாள்கணக்கில் போகும் பயணத்தில் இன்றைய செலவு நாளை மறுநாள் வட்டியோடு வந்து நிற்கும். அந்த மூன்று இளைஞர்களில் ஒருவருக்கு இம்பால் தாண்டி சேனாபதியில் தொடை பிடித்துக்கொண்டது. நல்ல ஓட்டக்காரர், அவர்மீது எந்தக் குறையும் இல்லை. தரையில் கால் ஊன்றினால் தோல்வி என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குறை அந்தப் பாடத்தில்தான்.

சைக்கிள் பந்தயத்தின் தாய்வீடுகளில் அப்படிச் சொல்வதில்லை. பெல்ஜியத்தில் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் கோப்பன்பெர்க் என்றொரு கல்பாவிய ஏற்றம், 600 மீட்டர்தான், சரிவு சில இடங்களில் 22 சதவீதம். உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் அங்கே இறங்கித் தள்ளுவதை ஆண்டுக்காண்டு பார்க்கலாம். சைக்ளோகிராஸ் என்ற ஆட்டத்திலோ இறங்குவதே முக்கால் வித்தை. தடுப்புக்கு முன்னால் வேகம் குறையாமல் இறங்கி, வண்டியைத் தோளில் மாட்டி ஓடி, தாவி ஏற வேண்டும். ஒரு விநாடி பிந்தி இறங்கினவர் விழுந்து கிடப்பார். அங்கே ரசிகர்கள் இறங்கும் இடத்துக்குத்தான் கைதட்டுகிறார்கள்.

அன்றிரவு, “இன்னும் கால்ல பலம் இருக்கேண்ணே, ஏன் இறங்கினீங்க?” என்று கேட்டேன்.

“பலம் இருக்கறதுனாலதான் தம்பி” என்றார்.

பிறகு அவருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னார். 1942 ஏப்ரல் 3ஆம் தேதி, புனித வெள்ளியன்று, மாண்டலே மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ரங்கூன் அதற்கு முந்தைய மாதமே விழுந்துவிட்டது. கப்பலுக்கு வழியில்லை. பத்து வயதுப் பெண்ணையும் அவளுடைய தம்பியையும் கூட்டிக்கொண்டு பாட்டி மோன்யுவா, கலேவா, தமு வழியாக நடந்திருக்கிறார். அந்த ஆண்டு பர்மாவிலிருந்து கிளம்பிய இந்தியர்கள் நான்கைந்து லட்சம் பேர். வழியில் காலராவிலும் பசியிலும் போனவர்கள் பல்லாயிரம். மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. தமுவுக்கு மேலே வெள்ளைக்காரர்களுக்கு ஒரு தடம், இந்தியர்களுக்கு வேறு தடம். நாம் இன்று தார்ச்சாலையில் ஏறும் மலையில் அப்போது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மண்வெட்டியோடு பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டி ஒரு சட்டம் வைத்திருந்தாராம். ஏற்றம் தொடங்கும் இடத்தில் எல்லோரும் உட்கார வேண்டும். களைப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்க மாட்டார். கூட வந்தவர்கள் இருட்டுவதற்குள் அடுத்த முகாமைப் பிடிக்க வேண்டுமென்று முந்திப் போவார்கள். பாட்டி அசைய மாட்டார். “கால் இருக்கும்போது உட்காரு. கால் போனதுக்கப்புறம் உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது.” முந்திப் போனவர்களில் சிலரை மறுநாள் வழியோரத்தில் உட்கார்ந்தபடியே பார்த்ததாக அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். யார் அவர்கள், பெயர் என்ன என்று அம்மா சொன்னதில்லை.

அந்த நெடுநடையைப் பற்றி நம்மிடம் ஒரு தேய்ந்த பேச்சு இருக்கிறது: விதி இருந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள், இல்லாதவர்கள் போனார்கள். விதிக்கு அதில் பெரும் பங்கு உண்டு, காலரா ஆள் பார்த்து வந்ததில்லை. ஆனால் விதி என்று முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்டால் அந்தப் பாட்டி எடுத்த முடிவுகள் எங்கே போகும்? ஒரு நாளைக்கு எத்தனை முறை உட்காருவது, எந்த ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் தொடவே கூடாது, பித்தளைக் குடத்தை எந்த மைல்கல்லில் எறிந்துவிட்டுப் போவது. ஓர் அணித்தலைவர் ஐந்து நாள் டெஸ்டில் எடுப்பதைவிட அதிகமான முடிவுகளை அவர் ஒரு நாளில் எடுத்திருக்கிறார். அவரைப் பரிதாபத்தோடு மட்டும் பார்க்கிற கண்தான் பேரனையும் அஞ்சலி செலுத்துகிறவராக மட்டும் பார்க்கிறது. பேரன் பாட்டியின் ஆட்டத்தை அப்படியே ஆடுகிறார். நடுவில் முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்து அதைத் தீட்டிக்கொண்டார். ஏற்றத்தின் நடுவில் கியரை இறக்குகிற ஓட்டுநர் பேருந்தைப் பின்னால் உருட்டிவிடுவார், ஏற்றத்துக்கு முன்பே இறக்க வேண்டும் என்பது அவருடைய வாய்ப்பாடு.

ஒரே ஒரு முறை பிந்தினார். அதையும் எழுதியாக வேண்டும்.

கொஹிமாவுக்கு முன்னால், மாவ் ஏற்றத்தில், பள்ளிக்கூடம் விட்ட நேரம். சீருடைப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று கத்திக் கைதட்டினார்கள். முன்னால் தெளிவாக ஓர் இடது வளைவு. அவர் வலது கால் பெடலிலிருந்து பாதி கழன்றதை ஜீப்பிலிருந்து பார்த்தேன். பிள்ளைகளைப் பார்த்தார், காலைத் திரும்ப வைத்துவிட்டார். வளைவை மிதித்தே கடந்தார். அடுத்த வளைவையும் கடந்தார், பிள்ளைகள் கூடவே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அதற்கு முந்நூறு மீட்டர் தள்ளி, ஒரு சிறு பாலத்தின் கட்டையில் வண்டியைச் சாய்த்து, ஹேண்டில்பார்மேல் நெற்றியை வைத்து நின்றார். கை நடுங்கிக் கடலைமிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்க முடியவில்லை. பையன் ஒருவன் வாங்கிப் பிரித்துக் கொடுத்தான். இருபது நிமிடம் ஆயிற்று மறுபடி ஏற. தெங்னௌபாலில் பதினான்கு முறை இறங்கி இழந்ததைவிட, இங்கே ஒரு முறை இறங்காமல் இழந்தது அதிகம். அந்தக் கைதட்டலில் ஜீப்பிலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன். இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன்.

கொஹிமாவிலிருந்து திமாப்பூர் பெரும்பாலும் இறக்கம், அதில் அலச ஒன்றுமில்லை. ரயில் நிலையத்தில் முடித்தார்கள். 1942இல் அந்த நிலையத்துக்குப் பெயர் மணிப்பூர் ரோடு. அம்மா முதல்முறையாக ரயிலைப் பார்த்தது அங்கேதான் என்று நிலையப் பலகைக்குக் கீழே நின்று சொன்னார்.

இனி வரப்போவது என்ன? அந்த வழியை இப்போது யாரும் முழுதாக ஓட்ட முடியாது. 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பர்மா பக்கம் அடைந்துவிட்டது, 2023 மே முதல் இனக்கலவரத்தால் மணிப்பூர் இரண்டாகக் கிடக்கிறது. இட்லி கிடைக்கும் எல்லை ஊர் என்று நாம் கொண்டாடிய மோரேயின் தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாடும் வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் சாலைகள் என்றென்றும் மூடிக் கிடந்ததில்லை. திறக்கும் ஆண்டில் ஒன்றுக்கு மூன்று குழுக்கள் கிளம்பும், நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஓட்டுவார்கள். காலை ஊன்றவே மாட்டோம் என்று சபதம் எடுத்து வருகிறவர்களில் பாதிப் பேர் இம்பாலைத் தாண்ட மாட்டார்கள் என்று இப்போதே எழுதிவைக்கிறேன்.

அதற்கு முன்பே, ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் ஒரு பெரிய பயணம் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். 415 கி.மீ. பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அதில் செத்தார்கள். மலேசியாவிலிருக்கும் அவர்களின் பேரன் பேத்திகளிடம் நல்ல வண்டியும் இருக்கிறது, சொல்ல வேண்டிய கணக்கும் இருக்கிறது. காஞ்சனபுரியிலிருந்து மூன்று பகோடா கணவாய் வரை போகும் சாலையில் முதல் பாதிக்கு மலை பெரிய எதிரியில்லை, வெயில்தான். அங்கே இடது வளைவைத் தேட வேண்டாம், தாய்லாந்தில் சாலையின் இடப்பக்கம் போனாலும் அது பின்பாதியில்தான் வேலைக்கு ஆகும். முற்பகல் பதினொரு மணிக்கு, இன்னும் நாற்பது கி.மீ. போகலாம் என்று தோன்றும்போது, நிழல் பார்த்து வண்டியைச் சாய்க்கிறவர் யார் என்று பாருங்கள். கடைசிவரை வருகிறவர் அவர்தான். அமைப்பாளர்களுக்கும் ஒன்று சொல்வேன்: தள்ளிய கிலோமீட்டருக்கும் சமமாகப் பணம் என்று விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடியுங்கள்.

நம்முடையவர் சும்மா இல்லை. 1942இல் வடக்கே நடந்தவர்களின் வழியில், அசாமின் லெடோவிலிருந்து பாங்சாவ் கணவாய்க்கு, 1,136 மீட்டர் உயரத்துக்கு ஏறிப் பார்க்க வேண்டுமாம், எல்லைவரை மட்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டிரிப் ஷீட் எழுதிப் பழகிய அதே கையெழுத்தில், கோடு போட்ட நோட்டில், ஒரு பக்கம் இடது, ஒரு பக்கம் வலது என்று வளைவுகளைத் தன் பேரன் காட்டிய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எண்ணிக் குறித்துவைத்திருக்கிறார். இடதுபக்கப் பட்டியலில் சில எண்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன். அந்த இடங்களில் ஊர் இருக்கிறதாம், பிள்ளைகள் கைதட்டக்கூடும் என்றார்.