‘நான் வேண்டும் தண்ணீர்’: கைக்கணினித் தொடர்பாடல் செயலிகளும் தமிழ்த் தொடரமைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பேச்சு வராத, அல்லது பேச்சால் மட்டும் தம் தேவையை உணர்த்த இயலாத மாணவர்களுக்குக் கைக்கணினியில் (டேப்லெட்) இயங்கும் படக்கட்டச் செயலிகள் இன்று பேச்சுக் கருவியாகப் பயன்படுகின்றன. இச்செயலிகளின் கட்ட அமைப்பு ஆங்கிலத் தொடரியலை அடித்தளமாகக் கொண்டது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கும்போது தொடர் பிழைபடுவதோடு, குழந்தை கருதிய பொருளே மாறிவிடுகிறது. வேற்றுமை, எதிர்மறை, ஏவல், இரட்டைவழக்கு ஆகியவற்றை முன்வைத்து இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாற்றுத் தொடர்பாடல், கைக்கணினி, சிறப்புக் கல்வி, வேற்றுமை, எதிர்மறை வினை, இரட்டைவழக்கு

முன்னுரை

2010ஆம் ஆண்டு ஐபேட் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் பேச்சுக் கருவி என்பது பல ஆயிரம் டாலர் விலையுள்ள தனிப்பொறியாக இருந்தது. 2009இல் அசிஸ்டிவ்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘புரொலோக்குவோ2கோ’ என்னும் செயலி, அப்பொறியின் பணியைக் கடையில் கிடைக்கும் கருவிக்குள் கொண்டுவந்தது. ஐபேடின் அகன்ற திரை அதற்கு ஏற்ற களமாயிற்று. மூளை முடக்குவாதம், ஆட்டிசம் முதலிய நிலைகளில் உள்ள குழந்தைகள் திரையிலுள்ள படங்களைத் தொட, செயலி அவற்றைச் சொற்களாக ஒலிக்கிறது.

இத்துறையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அஜித் நாராயணன், சென்னையிலுள்ள வித்யாசாகர் நிறுவனத்தின் துணையோடு ‘ஆவாஸ்’ என்னும் கருவியை உருவாக்கினார். முதலில் தனிப்பொறியாக இருந்த அது பின்னர்க் கைக்கணினிச் செயலியாயிற்று. (சென்னையில் பிறந்த கருவிக்குக் ‘குரல்’ என்று பொருள்படும் இந்திச் சொல்லே பெயராக அமைந்தது.) 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொடர்பாடல் என்பதன் வரையறையிலேயே மாற்றுமுறைகளைச் சேர்த்துள்ளது. அவற்றைப் பள்ளிக் கல்வியில் ஊக்குவிப்பதை அரசின் கடமையாக அதன் 17ஆம் பிரிவு கூறுகிறது. கருவியும் சட்டமும் இருக்கின்றன. அக்கருவி பேசும் தமிழ் எத்தகையது என்னும் வினா மொழியியலாருக்கும் தமிழாசிரியருக்கும் உரியது. இதுகாறும் அவ்வினா பெரும்பாலும் பேச்சுப் பயிற்சியாளரின் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது.

கட்டத்தின் இலக்கணம்

படக்கட்டம் என்பது மொழிச் சார்பற்ற படத்தொகுப்பு என்று எண்ணுவது இயல்பு. அது உண்மையன்று. பல செயலிகளில் சொற்கள் நிறம் பிரித்துக் காட்டப்படுகின்றன: ஆட்பெயர் மஞ்சள், வினை பச்சை, பொருட்பெயர் செம்மஞ்சள் என்பது பரவலான முறை. எடித் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் அமெரிக்க ஆசிரியர் காதுகேளாத மாணவர்களுக்கு ஆங்கிலத் தொடர் அமைக்கக் கற்பிக்க 1920களில் வகுத்த முறையின் வழிவந்தது இது. இடமிருந்து வலமாக யார், செயல், எது, எங்கே என்று செல்லும் அவ்வரிசை ஆங்கிலத்தின் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசையே. கட்டத்தில் இடமிருந்து வலமாக விரலை நகர்த்தும் குழந்தை, தான் அறியாமலே ஆங்கிலத் தொடரைப் பழகுகிறது.

இரண்டாவது அடித்தளம் மையச்சொற்கள் என்னும் கருத்து. அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது, எனவே அச்சொற்களையே முதற்பக்கத்தில் வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் இது பெரிதும் பொருந்துகிறது. அங்கே ‘நான்’, ‘வேண்டு’, ‘போ’, ‘இன்னும்’, ‘அல்ல’, ‘உள்ளே’ என்பவற்றுக்கு ஈடானவை தனித்து நிற்கும் சொற்கள், பெரும்பாலும் வடிவம் மாறாதவை. தமிழில் அவற்றுட் பல தனிச்சொற்களாக வருவதில்லை. உருபாகவும் இடைநிலையாகவும் விகுதியாகவும் பிற சொல்லோடு ஒட்டியே வருகின்றன. இடைச்சொல் தனித்தியங்கும் இயல்பற்றது, பெயரையும் வினையையும் சார்ந்தே வரும் என்று தொல்காப்பியம் கூறும் இலக்கணம் இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. தனித்தியங்காத ஒன்றுக்குத் தனிப் பொத்தான் அமைப்பது எங்ஙனம் என்பதே சிக்கலின் வேர்.

பொருள் திரியும் இடங்கள்

ஆங்கிலக் கட்டத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நேர்வதைச் சில தொடர்கள் காட்டும். தண்ணீர் கேட்கும் குழந்தை ஆங்கிலத்தில் மூன்று பொத்தான்களைத் தொட்டால் பிழையற்ற தொடர் கிடைக்கிறது. அதே மூன்று பொத்தான்கள் தமிழில் ‘நான் வேண்டும் தண்ணீர்’ என்று ஒலிக்கின்றன. இது வெறும் வரிசைப் பிழையன்று. ‘நான் வேண்டும்’ என்பதற்குத் தமிழில் ‘நான் தேவைப்படுகிறேன்’ என்பதே பொருள். வேண்டுபவர் நான்காம் வேற்றுமையேற்று ‘எனக்கு’ என நிற்கவேண்டும். பிடிக்கும், தெரியும், பசிக்கிறது, வலிக்கிறது எனக் குழந்தையின் உடலையும் விருப்பத்தையும் சொல்லும் வினைகள் பலவும் இவ்வகையின. எனவே தமிழ்க் குழந்தையின் முதற்பக்கத்தில் ‘நான்’ என்பதைவிட ‘எனக்கு’ என்பதே முன்னுரிமை பெறத்தக்கது. மொழிபெயர்த்த பட்டியல் இம்முடிவை ஒருபோதும் தராது.

எதிர்மறையில் சிக்கல் இன்னும் கடுமையாகிறது. ஆங்கிலக் கட்டத்தில் மறுப்புக்கு ஒன்றிரண்டு பொத்தான்கள் போதும். தமிழில் வேண்டாம், இல்லை, மாட்டேன், முடியாது, கூடாது, தெரியாது, போகாதே என ஒவ்வொரு மறுப்பும் தனிச் செயல். ‘இல்லை’ என்னும் ஒரு பொத்தானை மட்டும் வைத்துவிட்டால், சோற்றை மறுக்கும் குழந்தை ‘சோறு இல்லை’ என்று சொல்ல நேரும். கேட்பவர் அதைத் தட்டு வெறுமையாயிருப்பதாகக் கொண்டு மேலும் சோறு வைப்பார். பேச்சற்ற குழந்தை தன் மறுப்பைக் கடித்தும் தள்ளியும் அழுதும் காட்டுவதுண்டு. அதற்கு மாற்றாகவே இக்கருவி அதன் கையில் தரப்படுகிறது. மறுத்தும் பயனில்லை என்று கருவி கற்பித்துவிட்டால், குழந்தை பழைய வழிக்கே திரும்பும். அதனைப் ‘பிடிவாதம்’ என்று பதிவேட்டில் எழுதுவது பள்ளிக்கு எளிது.

மூன்றாவது, வினையின் அகராதி வடிவம். தமிழில் வினைப்பகுதி பெரும்பாலும் ஏவல் ஒருமையாகவும் வழங்குகிறது. வெளியே போக விரும்பும் சிறுவன் ‘போ’ என்னும் பொத்தானைத் தொடுகிறான். எதிரே நிற்கும் ஆசிரியரின் காதில் ‘போ’ என்னும் கட்டளை விழுகிறது. ‘வா’, ‘கொடு’, ‘உட்கார்’ ஆகியவற்றுக்கும் இதே கதி. ‘போகணும்’, ‘வாங்க’, ‘குடுங்க’ என்னும் வடிவங்களின்றித் தமிழ் வகுப்பறையில் எந்த மாணவரும் மரியாதையாகப் பேச இயலாது. ஆங்கிலத்தில் ஒரே முன்னிலைச் சொல் போதுமென்பதால் கட்டத்தை வடிவமைத்தவர்க்கு இச்சிக்கல் எழவில்லை. உறவுப்பெயர்களும் அப்படியே: ‘அங்கிள்’ என்னும் ஒரு படம் மாமா, சித்தப்பா, பெரியப்பா ஆகிய மூவரையும் ஒருங்கே விழுங்கிவிடுகிறது.

சாண்ட்விச் படத்தை நீக்கி இட்லிப் படத்தைச் சேர்ப்பதே உள்ளூர்மயமாக்கம் எனப் பல இடங்களில் கருதப்படுகிறது. அது தேவையானதே. ஒரு பிற்பகலில் முடியக்கூடியதும்கூட. ஸ்பெயினின் அராகோன் மாநில அரசின் ஆதரவில் இயங்கும் ‘அராசாக்’ போன்ற படத்தொகுப்புகள் வணிகநோக்கற்ற பயன்பாட்டுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெற்றோரே கைபேசியில் எடுத்த படத்தைச் சேர்க்கும் வசதியும் இன்றைய செயலிகளில் உண்டு. வேற்றுமையுருபை அவ்வாறு படம் பிடித்துச் சேர்க்க முடியாது.

‘முதலில் தொடர்பு, பிறகு இலக்கணம்’ என்னும் வாதம்

இவ்விடத்தில் சிறப்பாசிரியர்கள் எழுப்பக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. குழந்தை ஒரு சொல்லால் தன் கருத்தை உணர்த்தினாலே போதும், இலக்கணம் பின்னர் வரட்டும் என்பர். இதற்கு வலுவான பின்புலமும் இருக்கிறது. ஜேனிஸ் லைட் 1989இல் தொடர்பாடல் திறனை மொழி, கருவி இயக்கம், சமூக உறவு, உத்தி என நான்காகப் பகுத்தார். மொழி அவற்றுள் ஒன்று மட்டுமே. அவரும் டேவிட் மெக்நாட்டனும் 2013இல் எழுதிய கட்டுரை, கைக்கணினி தந்த ஆர்வத்தில் கருவியே மையமாகி ஆள் பின்தள்ளப்படும் இடரைச் சுட்டியது. இவ்வெச்சரிக்கை தமிழ்ச்சூழலுக்கும் பொருந்தும். கைக்கணினி வாங்கித் தந்ததோடு கடமை முடிந்ததாகக் கருதும் போக்கு இங்கும் காணத்தக்கதே.

ஆயினும் ‘இலக்கணம் பிறகு’ என்னும் கூற்று ஆங்கிலத்தில் எளிதாகச் சொல்லக்கூடியது. அங்கே இலக்கணத்தின் பெரும்பகுதி கட்டத்தின் வரிசையிலேயே அமைந்துள்ளது. தமிழில் உருபும் விகுதியும் நீங்கினால் எஞ்சுவது குறைத்தமிழாக மட்டும் இராது, மேலே கண்டவாறு வேறு பொருள் தரும் தமிழாகிவிடும். இன்னொன்றும் உண்டு. இக்கருவியைக் குழந்தை கற்பது பெரியவரைப் பார்த்தே. தாயோ ஆசிரியரோ தாம் பேசும்போதே உரிய படங்களைத் தொட்டுக்காட்டுவது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட பயிற்சிமுறை. ‘எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்’ என்று சொல்லிக்கொண்டே ஆங்கில வரிசைக் கட்டத்தைத் தொட முயலும் தாய் இரண்டாம் சொல்லிலேயே தடுமாறுவார். பின்னர் அவர் தம் தமிழைக் கட்டத்துக்கு ஏற்பச் சிதைத்துக்கொள்ளலாம், அல்லது ஆங்கிலத்துக்கு மாறலாம். ஆங்கிலத்துக்கு மாறுவதே எளிய வழி. அவ்வழியில் செல்லும் குடும்பத்தில் குழந்தைக்குக் குரல் கிடைக்கும், ஆயின் ஆங்கிலம் அறியாத பாட்டியிடம் அக்குரல் செல்லாது.

எந்தத் தமிழில் ஒலிப்பது

இரட்டைவழக்கு இச்சிக்கலின் மற்றொரு முகம். எழுத்திலிருந்து ஒலி உருவாக்கும் தமிழ் நிரல்கள் எழுத்துவழக்கையே தெளிவாக ஒலிக்கின்றன. விளையாட்டுத் திடலில் ஒரு சிறுவனின் கருவி ‘எனக்குப் பந்து வேண்டும்’ என்று செய்தி வாசிப்பவரைப் போல் ஒலித்தால் உடன் விளையாடுவோர் சிரிப்பர். அச்சிரிப்பைக் கேட்ட சிறுவன் கருவியைத் தொடாமல் விடக்கூடும். பேச்சுவழக்கே ஒலிக்கவேண்டும் எனின், எந்த வட்டாரத்தின் பேச்சு என்னும் வினா எழுகிறது. குமரி, கோவை, சென்னை, யாழ்ப்பாணம் ஆகிய நான்கிடத்தும் வேண்டுகோளின் வடிவம் ஒன்றாக இல்லை. அதே வேளையில் பாடநூலும் தேர்வும் எழுத்துவழக்கில் இருப்பதால் மாணவர்க்கு அதுவும் கைவரவேண்டும். குரல் பேச்சுவழக்கிலும், திரையின் மேற்பட்டையில் தோன்றும் தொடர் எழுத்துவழக்கிலும் அமைவது ஒரு தீர்வு. பேசக் கற்கும் கருவியே படிக்கவும் கற்பிக்கும் வாய்ப்பு அதில் இருக்கிறது. ஒலியும் எழுத்தும் பொருந்தாமை தொடக்கநிலை மாணவரைக் குழப்பும் என்னும் ஐயம் நியாயமானது. ஆனால் ‘வேண்டும்’ என எழுதியதைப் பார்த்து ‘வேணும்’ எனப் பேசும் அதே பொருந்தாமைக்குள்தான் எல்லாத் தமிழ்க் குழந்தைகளும் படிக்கக் கற்கின்றனர்.

வினாவழி அமைப்பு

மாற்றுவழிக்கான குறிப்பு ஆவாஸை உருவாக்கியவரிடமே கிடைக்கிறது. அஜித் நாராயணன் 2013இல் டெட் மேடையில் விளக்கிய ‘ஃப்ரீஸ்பீச்’ என்னும் முறையில் சொற்கள் வரிசையாக அடுக்கப்படுவதில்லை. ஒரு வினையை நடுவில் வைத்து, யார், எதை, எப்போது, எங்கே என்னும் வினாக்களால் பிற சொற்கள் அதனோடு இணைக்கப்படுகின்றன. உறவுகள் அமைந்தபின் தொடரை நிரல் ஆக்கித் தருகிறது. ஆட்டிசக் குழந்தைகளுக்குச் சொல்வரிசையும் இலக்கண வடிவமும் இடராக இருப்பதைக் கண்டதன் விளைவு அது.

தமிழாசிரியருக்கு இம்முறை புதிதன்று. பயனிலையை நோக்கி ‘யார், எது’ என வினவி எழுவாயையும், ‘யாரை, எதை’ என வினவிச் செயப்படுபொருளையும் காணக் கற்பிப்பது தமிழ் வகுப்பறையின் வழக்கம். ‘யாருக்கு’, ‘எதனால்’, ‘எங்கே’ என வேற்றுமைகள் ஒவ்வொன்றுக்கும் வினா உண்டு. ஆங்கிலத்தில் இவ்வுறவுகளைச் சொல்லின் இருப்பிடம் சுமக்கிறது. தமிழில் உருபு சுமக்கிறது. ஆதலின் வினாவழி அமைப்பு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே இயல்பாகப் பொருந்தும். குழந்தை ‘குடி’ என்பதைத் தொட்டு, ‘யார்’ என்னுமிடத்தில் தன் படத்தையும் ‘எதை’ என்னுமிடத்தில் பாலையும் வைத்தால் போதும். ‘பாலை’ என உருபு சேர்ப்பதும், ‘குடிக்கிறேன்’, ‘குடித்தேன்’ எனக் காலமும் இடமும் காட்டுவதும் நிரலின் பணி. இப்பணிக்கு வேண்டிய வினைத்திரிபு வகைப்பாடு நெடுங்காலமாகவே இருக்கிறது. கார்ல் கிரவுல் வகுத்த வினைவகைகளைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி எண்ணிட்டுப் பயன்படுத்தியுள்ளது.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. உடலியக்கக் குறைபாடுள்ள குழந்தை பொத்தானின் படத்தைவிட அதன் இருப்பிடத்தையே நினைவில் கொள்கிறது. நடனத்தில் அடவு கைகால்களில் பதிவதுபோல் விரலில் பாதை பதிகிறது. வினாக்கள் ஒவ்வொரு வினைக்கும் இடம் மாறித் தோன்றினால் அப்பாதை கலையும். ஆகவே ‘யார்’, ‘எதை’, ‘யாருக்கு’ ஆகிய இடங்கள் எல்லா வினைகளுக்கும் ஒரே மூலையில் நிலைத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஒரே தொடுதலில் ஒலிக்கவேண்டிய முழுவடிவங்களை வினாவழியில் அலையவிடாமல் முதற்பக்கத்திலேயே வைக்கவேண்டும்.

அம்முழுவடிவங்கள் எவை என்பதை மேசையிலமர்ந்து முடிவுசெய்ய இயலாது. மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1990களில் தொகுத்த தமிழ்த் தரவகம் எழுத்துநடையைச் சார்ந்தது. நாளிதழிலும் புதினத்திலும் மிகுதியாக வரும் சொல், நான்கு வயதுக் குழந்தையின் வாயில் மிகுதியாக வருவதன்று. ‘மேலும்’ என்பது ஒரு சான்று. மொழிபெயர்த்த கட்டத்தில் இடம்பெறத்தக்க அச்சொல்லை எந்தக் குழந்தையும் சோற்றுத்தட்டின் முன் சொல்வதில்லை. ‘இன்னும்’ என்றோ ‘இன்னுங்கொஞ்சம்’ என்றோதான் கேட்கிறது. அங்கன்வாடியிலும் தொடக்கப்பள்ளியிலும் உணவுநேரத்திலும் விளையாட்டிலும் பேசும் குழந்தைகளின் பேச்சைப் பெற்றோரின் இசைவோடு பதிந்து, வடிவ வாரியாக எண்ணிப் பட்டியலிடும் பணி தமிழ்த்துறைகளின் முனைவர்பட்ட ஆய்வுக்கு உட்பட்டதே. அப்பட்டியலில் ‘வேண்டாம்’, ‘மாட்டேன்’, ‘இல்லை’ ஆகிய மூன்றும் தனித்தனியாக எண்ணப்பட வேண்டும்.