சிக்கனக் கட்டுரையில் மாட்டிக்கொண்ட குறள்

பண நிர்வாகம், சிக்கனம் என்ற தலைப்புகளில் படிவம் ஐந்து மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துகிற எல்லாருக்கும் 478ஆம் குறள் பழகிப்போன ஒன்று. பொருள் வரும் வழி சிறிதாக இருந்தாலும், போகும் வழி அகலமாகாதவரை கெடுதல் இல்லை என்பது அதன் கருத்து. மாணவர் குறளை எழுதுவார், அடுத்த வரியிலேயே ‘எனவே நாம் சிக்கனமாக வாழ வேண்டும்’ என்று முடித்துவிடுவார். பிறகு உண்டியல், சிறுதுளி பெருவெள்ளம், அவ்வளவுதான். மேற்கோளுக்குப் புள்ளி கிடைத்துவிடும். குறளை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தக் குறள் இருக்கும் அதிகாரத்தின் பெயர் வலியறிதல். பொருட்பாலில் 48ஆவது. மயிலிறகையும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும், கிளையின் நுனிக்கு ஏறியவன் இன்னும் ஏறப்பார்த்தால் உயிர் போகும் என்று சொல்லிவிட்டு, கடைசி நான்கு குறளில்தான் வள்ளுவர் பொருளுக்கு வருகிறார். “அப்ப இது ராஜாவுக்குச் சொன்னதா, டீச்சர்?” என்று வகுப்பில் கேட்பார்கள். ஆமாம், அரசனுக்குத்தான். ஆனால் கேள்வி நமக்கும் பொருந்தும்: உன் வலிமையின் அளவு உனக்குத் தெரியுமா? செலவு செய்யாதே என்று இந்த நான்கில் எதுவும் சொல்லவில்லை. 2,000 ரிங்கிட் சம்பளம் என்று பெருமையாகச் சொல்லும் பையனிடம், ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 220 ரிங்கிட், கைக்கு வருமுன்பே போய்விடும் என்றால் முழிக்கிறான். வரும் வழியின் அகலமே தெரியாதவனிடம் சிக்கனம் பேசி என்ன பயன்?

வலியறிதலில் பொருளைப் பற்றிய முதல் குறளான 477 ஈகையைப் பேசுகிறது என்பதை நம்ம கட்டுரைகள் கவனிப்பதே இல்லை. அளவறிந்து கொடு என்கிறது அது. பரிமேலழகர் உரையில் ஒரு கணக்கே இருக்கிறது: வருவாயை நான்கு கூறாக்கி, இரண்டைத் தன் செலவுக்கும், ஒன்றைப் பின்னால் வரும் இடருக்கும் வைத்து, மிச்சம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். இணையத்தில் சுற்றும் 50-30-20 விதியில் தேவை, விருப்பம், சேமிப்பு என்று மூன்று உண்டு; கொடுப்பதற்குத் தனி இடம் இல்லை. பரிமேலழகர் கணக்கில் கால் பங்கு அதற்கே. கையில் 1,780 வருகிறவனுக்குக் கால் பங்கு 445. அம்மாவிடம் கொடுப்பது இதில் சேருமா? மீதிப் பாதியில், 890இல், கோலாலம்பூரில் அறை வாடகையும் மோட்டார் தவணையும் அடங்குமா? அடங்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இதை வகுப்பில் போட வேண்டும். கரும்பலகையில் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

479, அளவறியாதவன் வாழ்க்கை இருப்பது போலத் தோன்றி இல்லாமல் போகும் என்கிறது. தவணையில் வாங்கிய கைப்பேசி வைத்திருக்கும் வகுப்புக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், நான்கில் முக்கியமானது 480. எந்தக் கட்டுரையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. கையிருப்பை எடைபோடாமல் செய்கிற ஒப்புரவால் செல்வம் விரைவில் கெடும் என்று வள்ளுவர் சொல்கிறார். ஒப்புரவு நல்ல பண்பாயிற்றே! நம்ம வீடுகளில் பணம் கரைவது மிட்டாயிலும் சினிமாவிலும் மட்டுமா? மாமன் மகனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து, தகுதிக்கு மீறிய சீர், கேட்டவுடன் கொடுத்த கைமாற்று இவையும்தான். இல்லை என்று எப்படிச் சொல்வது என்பதைப் பிள்ளைகள் வீட்டில் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள், அல்லது கற்காமலே வேலைக்குப் போகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், 220ஆம் குறளில் இதே வள்ளுவர், ஒப்புரவால் கேடு வருமென்றால் தன்னை விற்றாவது அந்தக் கேட்டை வாங்கலாம் என்கிறார். அது அறத்துப்பால், இது பொருட்பால் என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. முன்னது கொடுப்பவனின் மனதைப் பார்க்கிறது. பின்னது அவனை நம்பியிருக்கும் மற்றவர்களையும் பார்க்கிறது என்று நான் வாசிக்கிறேன். முதல் சம்பளம் வாங்கப்போகும் மாணவருக்கு 480ஐத்தான் முதலில் கொடுப்பேன். இரண்டையும் ஒரே வினாவில் வைத்து, உறவினர் 500 ரிங்கிட் கேட்கும் சூழலைத் தந்து எழுதச் சொல்லுங்கள். ‘எனவே நாம் சிக்கனமாக வாழ வேண்டும்’ என்று அதை முடிக்க முடியாது.