குட்டிப் புத்தகம், பெரிய அதிகாரம்

கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தன் மாணவர்களுக்காக அச்சிட்ட கையேடு ஐம்பது பக்கத்தைக்கூடத் தாண்டாது. பின்னாளில் அவரிடம் படித்த ஈ. பி. வைட், ஸ்ட்ரங்க் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1959இல், அதைத் திருத்தி, நடை பற்றி ஓர் அத்தியாயமும் சேர்த்து வெளியிட்டார். ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்.’ ஆங்கிலத்தில் ‘இது சரியா, தப்பா?’ என்று தடுமாறுபவர் கையில் இன்றும் இதைத்தான் திணிக்கிறார்கள். திணிக்கக் கூடாது என்பது என் கட்சி.

வேண்டாத சொல்லை வெட்டு என்கிறது புத்தகம். அதில் எனக்குச் சண்டை இல்லை; கோட் எழுதிப் பிழைப்பவன் வேறென்ன சொல்வான்? சிக்கல் இலக்கணத்தில்தான். செய்வினையைப் பயன்படுத்து என்ற விதியின் கீழ் நான்கு வாக்கியங்களைத் திருத்திக் காட்டுகிறார்கள். அவற்றில் நிஜமான செயப்பாட்டு வினை ஒன்றே ஒன்று. மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009இல் இதைப் போட்டு உடைத்தார். சோம்பலான வாக்கியங்களை எழுப்பத்தான் அந்த உதாரணங்கள் என்று ஆதரவாளர்கள் வாதாடலாம். ஆனால் தலைப்பு அதுவாக இருக்கும்போது, கீழே உள்ளதெல்லாம் பேஸிவ் என்றுதானே மாணவன் எடுத்துக்கொள்வான்?

எடுத்துக்கொண்டவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ‘தி சர்வர் வாஸ் ரீஸ்டார்ட்டட்’ என்று ஓர் அறிக்கையில் எழுதினால், பேஸிவ் என்று சிவப்புக்கோடு போட்டுத் திருப்புகிறார்கள். பேச்சு சர்வரைப் பற்றியது. யார் பட்டனை அமுக்கினால் என்ன? இதையே தமிழில் ‘ரீஸ்டார்ட் பண்ணியாச்சு’ என்போம். செய்தவர் மறைந்துவிடுகிறார், யாரும் கோபிப்பதில்லை.

‘ஹோப்ஃபுல்லி’ கதை இன்னும் வேடிக்கை. ‘ஹோப்ஃபுல்லி, நாளை மழை வரும்’ என்பது தப்பாம். மழைக்கு ஏது நம்பிக்கை? அப்படிப் பார்த்தால் ‘நல்லவேளையாக மழை வந்தது’ என்பதும் தப்புதான். மழைக்கு ஏது வேளை! இந்தச் சொற்கள் வினையைத் தொடுவதே இல்லை, முழு வாக்கியத்தின் மேல் பேசுபவர் வைக்கும் அபிப்பிராயம் அவை. ‘ஃபிராங்க்லி’யும் அதே வேலையைத்தான் செய்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. 2012இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான ஏபியின் நடைக் கையேடே ‘ஹோப்ஃபுல்லி’யை ஏற்றுக்கொண்டது.

வைட் அருமையான உரைநடைக்காரர், சந்தேகமில்லை. அவர் காதால் எழுதியவர். ஆங்கிலத்தோடு பிறந்து வளர்ந்தவர் இந்த விதிகளைப் படித்துவிட்டு, தேவைப்பட்டால் மீறிவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்ற நமக்கு அந்தத் தைரியம் வராது. சரியாக எழுதிய வரியை நாமே அடித்துவிடுவோம். எனக்கு இதுதான் பெரிய குற்றமாகப் படுகிறது, அந்த நான்கு உதாரணங்கள்கூட அல்ல.

மாற்று கேட்பவர்களுக்கு ஹென்றி ஃபவுலரைச் சொல்வேன். 1926இல் வந்த அவருடைய பயன்பாட்டு அகராதியிலும் முன்கோபம் உண்டு. ஆனால் மனிதர் காரணம் சொல்வார். ‘டு’வையும் வினையையும் பிரிக்காதே என்று ஊரே மிரட்டிக்கொண்டிருந்தபோது, பொருள் குழம்புவதைவிட, வாக்கியம் செயற்கையாவதைவிட, பிரிப்பதே மேல் என்றார். விலை ‘டு மோர் தேன் டபுள்’ என்று எழுதி, அந்த ‘மோர் தேன்’ஐ வேறெங்காவது நகர்த்திப் பாருங்கள். போக இடமே இருக்காது.