ஏற்றப்பாட்டில் இறங்கிய கிருபை: வேதநாயகம் சாஸ்திரியாரும் அன்றாட வாழ்வும்

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் காப்பியத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் முன்வரிசையில் வைக்கப்படுகின்றன. கீர்த்தனை, கும்மி முதலியன ‘இசைப்பாடல்கள்’ என்னும் தலைப்பின்கீழ் ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன. அன்றாட வாழ்வில் கிருபையும் ஊக்கமும் எவ்வாறு உணரப்படுகின்றன என்னும் வினாவை எழுப்பினால், இவ்வரிசைமுறை போதாது என்பது புலனாகும்.

இவ்வினா எனக்கு எழுந்த இடம் ஜெலாப்பாங். ஈப்போ நகரின் புறத்தே, சிலிபினை அடுத்து அமைந்த இவ்வூரில், தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கு நிகழ்ந்த ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், பால்மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டியர் சிலர், பாட்டுப் புத்தகத்தைத் திறவாமலேயே சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடினர். இயற்றியவர் யார் என வினவினேன். “அது எங்கம்மா பாட்டுங்க சார்” என்றார் ஒருவர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் வழியில் தாயார் பாடக் கேட்டே அதனைக் கற்றாராம். அவரைப் பொறுத்தமட்டில் அப்பாடலின் ஆசிரியர் அவருடைய தாயார்தாம்.

வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தார். சுவார்ட்சு பாதிரியாரால் இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, இரண்டாம் சரபோசி மன்னரின் மதிப்பைப் பெற்று, 1864இல் அங்கேயே மறைந்தார். அவர் தேர்ந்துகொண்ட வடிவங்கள் நம் கவனத்திற்குரியன. பெத்லகேம் குறவஞ்சியில் (1800) குறிசொல்லும் குறத்தி விசுவாசத்தின் உருவமாகிறாள். ஞானத் தச்ச நாடகத்தில் தச்சுத்தொழில் இறைச்செயலுக்கு உவமையாகிறது. ஞான ஏற்றப்பாட்டு, கிணற்றடியில் நீர் இறைப்போரின் பாட்டு வடிவத்தை ஏற்கிறது.

இவ்விடத்தில் இரட்சணிய யாத்திரிகத்தோடு ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி, கம்பனின் தமிழை உள்வாங்கி, 1894இல் வெளிவந்த அந்நூலின் காப்பியச் சிறப்பை மறுப்பதற்கில்லை. அதிலும் கிருபை வழித்துணையாக நிற்கிறது. ஆயினும் ஊரும் உறவும் அங்கே நீங்கிச் செல்லவேண்டியவை. பேறு பயணத்தின் முடிவில் உள்ளது. ஏற்றப்பாட்டின் இயல்பு வேறு. உழைப்பின் அலுப்பை ஆற்றுவதும், இறைத்த சால்களை எண்ணுவதும், உடலசைவுக்குத் தாளம் தருவதும் அதன் பணிகள். அவ்வடிவத்தில் இறைவனைப் பாடும்போது கிருபை வேலை முடிந்தபின் கிட்டும் கூலியாக இல்லாமல், வேலைசெய்பவரின் மூச்சோடு கலந்துவிடுகிறது. தமிழ் விவிலியம் தூய ஆவியைத் ‘தேற்றரவாளன்’ என அழைக்கிறது. தேற்றரவு என்னும் அச்சொல்லுக்கு ஏற்றப்பாட்டைவிடப் பொருத்தமான இலக்கிய வடிவத்தை நான் அறியேன்.

இம்மட்டில் நின்றால் இக்கட்டுரை பாராட்டுரையாகிவிடும். சாஸ்திரியார் அன்றாட வாழ்வை அப்படியே ஏற்றுக்கொண்டவரல்லர். மக்களின் மூடநம்பிக்கைகளைச் சாஸ்திரக்கும்மியில் (1814) கடிந்தவர் அவர். எனினும் சாதியை அவ்வாறு கடிந்தாரில்லை. தஞ்சைக்குப் புதிதாக வந்த மறைப்பணியாளர்களை எதிர்த்து 1829இல் அவர் எழுதிய முறையீட்டில் நான்கு கொடுமைகளைச் சுட்டினார்: பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்துவது, ஆலயத்தில் சாதி வேறுபாடின்றி மக்களை ஒன்றுசேர்ப்பது, விழாச் சடங்குகளில் பூக்களை விலக்குவது, தமிழ்ப் பாடல்களை வழிபாட்டிலிருந்து நீக்குவது. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் திருச்சபையில் சாதி வேறுபாட்டை விலக்கி ஆணையிடுவதற்கு முன்னரே இப்பூசல் முற்றியிருந்தது.

பூவுக்காகவும் பாட்டுக்காகவும் அவர் வாதாடியது, தமிழர் தம் வாழ்முறையிலேயே கிறித்தவராக இருக்கலாம் என்னும் உரிமைக்குரல். இன்று அதனை நாம் போற்றுகிறோம். அதே முறையீட்டில், அதே வழக்கத்தின் பெயரால், சாதிப் பிரிவினையும் காக்கப்படுகிறது. முன்னதை மட்டும் எடுத்தோதிப் பின்னதை மறைப்பது திறனாய்வு ஆகாது. ‘அன்றாட வாழ்வில் கிருபை’ என்னும்போது, அது எவருடைய அன்றாடம் என்னும் வினாவும் உடன் எழவேண்டும். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள்வழி வந்தவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருந்தொகையினர். சாஸ்திரியார் விரும்பிய ஆலயத்தில் அவர்களுக்குத் தனியிடமே கிடைத்திருக்கும்.

இதனை அறிந்தபின் ஜெலாப்பாங் வீட்டின் பாட்டு வேறு பொருள் கொள்கிறது. அங்கே அனைவரும் ஒரே பாயில் அமர்ந்து பாடினர். யார் எவ்வூரார், எக்குலத்தார் என எவரும் வினவவில்லை. புலவர் பிரிக்காமல் விட்டதைப் பாடியவர்கள் பிரித்துவிட்டனர்: பாட்டை வைத்துக்கொண்டு, அவர் காத்த வேலியை விட்டுவிட்டனர். திருமணப் பேச்சில் சாதி இன்றும் தலைகாட்டுவதை நாம் அறிவோம். ஆதலின் இம்மாற்றம் முழுமையானது எனக் கொள்வதற்கில்லை. ஆயினும் ஓர் இலக்கியத்தின் பொருளை அதன் ஆசிரியர் மட்டும் முடிவுசெய்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, சாஸ்திரியாரைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் கீர்த்தனையையும் 1829ஆம் ஆண்டு முறையீட்டையும் ஒரே பாடவேளையில் மாணவர்முன் வைத்தல் வேண்டும். அவரைத் தாழ்த்துதல் இதன் நோக்கமன்று. கிருபையை ஏற்றத்தடிக்குக் கொணர்ந்த புலவரின் பார்வை எங்கே நின்றுபோயிற்று என்பதையும், அவருடைய பாட்டு அவரைக் கடந்து எவ்வளவு தொலைவு நடந்தது என்பதையும் மாணவர் ஒருங்கே காணவேண்டும். பெரட்டுக்கு நடந்த தாயொருத்தி அதைத் தன் பாட்டாக்கிக்கொண்டாள். அந்நடையும் நம் இலக்கிய வரலாற்றில் இடம்பெறத் தக்கதே.