ரைஷின் ரயில்களைக் கேட்பது எப்படி

ஸ்டீவ் ரைஷின் ‘டிஃபரன்ட் டிரெயின்ஸ்’ ஸ்டிரிங் குவார்ட்டெட்தான். ஆனால் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, அவ்வளவுதானே என்று கேட்க உட்கார்ந்தால் குழம்பிப்போவீர்கள். மேடையில் நால்வர் வாசிக்கும்போதே, முன்பே பதிவுசெய்த மூன்று குவார்ட்டெட்டுகளின் வாசிப்பும் ரயில் ஊதல்களும் மனிதர்களின் பேச்சும் கூடவே ஒலிக்கும். குரோனோஸ் குவார்ட்டெட்டுக்காக 1988இல் எழுதியது. மூன்று பகுதிகள், ஏறத்தாழ 27 நிமிடம்.

முதலில் வயோலாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். துள்ளலாக ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அப்புறம் ஒரு மூதாட்டியின் குரல் வரும். சிகாகோ–நியூயார்க் ரயிலைப் பற்றி அரை வாக்கியம்தான். வயோலா இவ்வளவு நேரம் வாசித்தது அந்தப் பேச்சைத்தான் என்பது அப்போதுதான் பிடிபடும். பேசியவர்களின் ஏற்ற இறக்கத்தை ரைஷ் அப்படியே ஸ்வரப்படுத்தியிருக்கிறார். பெண் குரலுக்கு வயோலா, ஆண் குரலுக்குச் செல்லோ. கருவி முந்தி, குரல் பிந்தி என்ற வரிசைதான் சூட்சுமம். அதனால்தான் பேச்சு வரும்போது அது பாட்டாகவே காதில் விழுகிறது.

அந்த மூதாட்டி, சிறுவயதில் ரைஷை வளர்த்த செவிலி. பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், தந்தை நியூயார்க்கில், தாய் லாஸ் ஏஞ்சல்ஸில். 1939 முதல் 1942 வரை, செவிலியின் துணையோடு இரு வீடுகளுக்கும் நடுவே ரயிலில் போய்வந்த பிள்ளை அவர். யூதப் பிள்ளை. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்திருந்தால் தன்னை வேறு ரயிலில் ஏற்றியிருப்பார்கள் என்பது பின்னாளில் அவருக்கு உறைத்தது.

இரண்டாம் பகுதி அந்த வேறு ரயில். ஊதல்களைக் கவனியுங்கள். அமெரிக்க ஊதல்கள் ச–ப, ச–ம என்று நீண்டு இனிமையாக ஒலித்தன. இங்கே குட்டையான கிறீச்சிடல், கூடவே அபாயச் சங்கு. பேசுபவர்கள் நாஜிகளிடமிருந்து உயிர்தப்பியவர்கள். அவர்கள் சொல்வது கொடூரம், ஆனால் வயோலாவும் செல்லோவும் விம்முவதில்லை. முதல் பகுதியில் செய்த அதே வேலையைச் செய்கின்றன. சோகத்துக்கென்று தனியாக இழைத்திருந்தால் என்னால் இதைக் கேட்டிருக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது காலப்பிரமாணம் மாறும் விதம். ‘மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்’ கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரு மணி நேரம் ஒரே துடிப்பில் ஓட்டக்கூடியவர் ரைஷ். இங்கே ஒவ்வொரு குரலும் தன் வேகத்தையும் சுருதியையும் கொண்டுவருகிறது; முன்னறிவிப்பே இல்லாமல் மொத்தக் குழுவும் அதற்கு மாறியாக வேண்டும். பெட்டி தடம் மாறும்போது குலுங்குமே, அந்தக் குலுக்கல்.

மூன்றாம் பகுதி கருவிகள் மட்டுமாகத் தொடங்கும். போர் முடிந்தது; செவிலியும், முதல் பகுதியில் பேசிய பழைய ரயில் போர்ட்டரும் திரும்பி வருகிறார்கள். நிம்மதி என்று நம்பிவிடாதீர்கள். கடைசியில் ஒருவர், அழகாகப் பாடிய ஒரு பெண்ணையும் இன்னும் பாடச் சொல்லிக் கைதட்டிய ஜெர்மானியர்களையும் பற்றிச் சொல்கிறார். இசையை ரசித்துக் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கும் அது சுருக்கென்று தைக்கும்.

முதல்முறை பேச்சு வரிகளைப் படிக்காமல் கேளுங்கள், மறுமுறை படித்துக்கொண்டே. குரோனோஸ் வாசித்த நான்சச் பதிவு (1989) போதும். அதே தட்டில் அடுத்து வரும் பாட் மெதனியின் கிதார் அருமையானது, ஆனால் அன்றைக்கு வேண்டாம்.